காலி என்று காட்டிய பகுதி

1
இந்தக் கதை பிறந்தது சூரமங்கலத்தில், ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில். பாதி வாய் மரத்துப்போய்ப் படுத்திருந்தேன். கம்பீரமான ஆரம்பம் ஒன்று யோசித்தேன்: "சங்ககிரிக் கோட்டையின் மேல் மேகங்கள்..." வேண்டாம். கோட்டைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

2
சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸின் கம்ப்யூட்டர்களுக்கு நான் பொறுப்பு. எந்த லாரி எங்கே நிற்கிறது, யாருடைய சரக்கு, எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில். அதன் டிஸ்கைப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறேன். வழக்கமாக ஒவ்வொரு பகுதியிலும் ஃபைல் சிஸ்டம் போடுவார்கள். எந்த ஃபைல் எங்கே என்று அது பார்த்துக்கொள்ளும். ஒரு பகுதியில் மட்டும் நான் போடவில்லை. எங்கள் டேட்டாபேஸ் நடுவில் ஆள் இல்லாமல் நேராக அதில் எழுதிக்கொள்ளும். வேகம் அதிகம். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் காலி. விதைத்து இன்னும் முளைக்காத காடு மாதிரி.

(இந்தப் பத்தியைப் பலமுறை அடித்து எழுதினேன். புரியாவிட்டால் தப்பு என்னுடையது.)

3
கௌதமன் வருகிறார். புதிதாகச் சேர்ந்தவர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. எதற்கெடுத்தாலும் கேள்வி. ஆபீஸே சிரிக்கும். இவரைக் கோமாளியாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அன்று பேக்கப் டிஸ்க் செத்துவிட்டது. நகல் எடுக்க இடம் தேடியவர் கண்ணில் அந்தப் பகுதி பட்டது. ஃபைல் சிஸ்டம் போடும் கட்டளையை அடித்துவிட்டார். எண்டர் தட்டுவதுதான் பாக்கி. தட்டியிருந்தால் அதில் இருந்ததெல்லாம் அழிந்து, ரோட்டில் நிற்கிற எந்த லாரிக்கும் எங்களிடம் பதில் இருக்காது. என் வேலையும் போயிருக்கும்.

* ஏற்கெனவே ஃபைல் சிஸ்டம் இருந்தால் அந்தக் கட்டளை "தொடரவா?" என்று கேட்கும். இங்கே இல்லாததால் கேட்காது.

கேட்டது கௌதமன், பல் மருத்துவரின் நாற்காலியில் இருந்த எனக்குப் போன் போட்டு.

"ஏனுங்கக்கா, கடைசிப் பகுதி காலியா இருக்குதுங்க. எடுத்துக்கலாமுங்களா?"

நாக்கு அசையவில்லை. தலையை ஆட்டினேன். போனுக்குக் கண்ணா இருக்கிறது? டாக்டர் சித்ரா என் முகத்தைப் பார்த்துப் பதறி, போனை வாங்கினார்.

"ஏங்க, சண்முகப்பிரியா வேண்டாம்னு தலைய ஆட்டறாங்க. என்னன்னு எனக்குத் தெரியாது. எதையும் தொடாதீங்க."

"சரிங்க," என்றார் கௌதமன். "போனை வெச்சரட்டுங்களா?"

4
மாற்று முடிவு, அ: கௌதமன் கேட்கவில்லை. நாக்பூர் தாண்டி, செங்கோட்டையன் ஓட்டிய லாரி... [எழுத மனசு வரவில்லை.]

ஆ: அவர் போனை நான் கட் பண்ணிவிட்டேன். வழக்கமாக அப்படித்தான் செய்வேன். அன்று பல்லைக் குடையப்போகிறார்களே என்ற பயத்தில், யாராவது பேசினால் தேவலை என்று எடுத்தேன்.

நன்றி, கௌதமன். நன்றி, டாக்டர். அந்தச் சொத்தைப் பல்லுக்கும் நன்றி.

5
இதுவரை எழுதியதைக் கௌதமனிடம் படிக்கக் கொடுத்தேன்.

"நீங்கெல்லாம் சிரிக்கறது தெரியுமுங்கக்கா," என்றார். "இனி யாரையும் எதுவும் கேக்கறதில்லைன்னு அன்னிக்குக் காலையிலதான் முடிவு பண்ணியிருந்தனுங்க."

"அப்பறம் ஏன் கேட்டீங்க?"

"தெரியலீங்க."

அந்தக் காரணம்தான் இந்தக் கதையின் முடிவு. அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. சிரித்தவர்களிடமே இன்னொரு முறை போய்க் கேட்க உங்களுக்கு என்ன வேண்டியிருக்கும்? அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்: