அறுபத்தேழாம் நாள்

"வாசல்ல கால வெச்சீங்கண்டா, நாளைக்கி ஊரே எங்கட முகத்துல காறித் துப்பும் மதினி. சொல்லிட்டேன்."

நஸீம் கூடத்தில் நின்றுகொண்டு ஒரு படுக்கை விரிப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அறை வாசலை மறைத்துக் கட்டியிருந்த அந்த விரிப்புக்கு அப்பால், கட்டில் விளிம்பில், அவருடைய இறந்துபோன மூத்த சகோதரனின், அவர் சொல்லும் நானாவின், மனைவி றம்லத் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் றம்லத்தின் மகள் ஸுமைரா, கையில் போனோடு நின்றாள். அவளுக்கு இருபது வயது. ஐந்து மாதமாகக் காத்திருந்த மின்னஞ்சல் அன்று காலை பத்து மணிக்கு வந்திருந்தது. அந்தச் சந்தோசம் நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்வதற்கு முன்பே முடிந்துவிட்டது.

கணவன் மவுத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும் என்பது மார்க்கம். ஜன்னலைத் திறக்கக் கூடாது, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும், முற்றத்துக்கும் இறங்கக் கூடாது என்பதெல்லாம் எந்தக் கிதாபிலும் இல்லை. அலவத்துகொடயின் அந்தச் சிறு பாதையில் இவற்றை யார் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சேர்த்தவர்கள் உண்டு, குறைத்தவர்கள் இல்லை. றம்லத்துக்கு அன்று ஐம்பத்தொன்பதாவது நாள்.

அக்குறணையில் பாத்திரக் கடை வைத்திருந்த றம்லத்தின் கணவர் சாஹுல் ஹமீதுக்கு இருந்த ஒரே பிடிவாதம் மகளின் படிப்பு. உயர்தரப் பரீட்சையில் இரண்டு தடவையும் ஸுமைராவுக்கு நல்ல பெறுபேறுதான். ஆனால் கண்டி மாவட்டத்தின் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு தடவையும் மயிரிழையில் தவறிப் போனாள். "மூணாம் தடவ வேணாம் மகள். வெளிநாட்டுக்குப் போடுவோம்" என்றவர் அவர்தான். மருத்துவம் படிக்க மாணவர்களை முழுச் செலவோடு அழைத்துக்கொள்ளும் நான்கு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார்கள். அதற்குப் பிறகு தினமும் கடை திறந்த கையோடு வீட்டுக்குப் போன் எடுப்பார். "வந்திட்டா?" என்பதுதான் முதல் பேச்சு. மூன்று இடங்களிலிருந்து 'வருந்துகிறோம்' என்று வந்தது. நாலாவது பதில் வருவதற்குள், சாமான் இறக்கிக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

நாலாவது இடம்தான் இப்போது நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தது. அடுத்த செவ்வாய், காலை ஒன்பது மணி, கண்டி நகரில் ஒரு ஹோட்டல் மண்டபம். கடைசிப் பந்தியில் ஒரு நிபந்தனை. விண்ணப்பதாரியின் பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இருவருமே இல்லாதவர்களுக்கு மட்டும் பாதுகாவலர்.

"நான் போன் பண்ணிக் கேட்டுட்டேன்" என்றார் நஸீம். "சாச்சா நான் வந்தாச் சரிவராதாம். உம்மா உசிரோட ஈக்கிறதால உம்மாதான் வரோணுமாம். அதுக்கு நான் என்ன செய்ய? அடுத்த வருசம் போடட்டும்."

"அடுத்த வருசம் இவளுக்கு வயசு கூடிரும் தம்பி. எடுக்க மாட்டாங்க" என்று விரிப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்ப அது நஸீபு இல்லண்டு நெனச்சிக்கோணும்."

நஸீம் கெட்ட மனிதர் அல்ல. நானாவின் ஜனாஸாவைத் தூக்கிச் செல்லும்போது குழந்தையைப் போலத் தேம்பி அழுதவர்தான். அரிசியும் மருந்தும் தவறாமல் கொண்டுவந்து வைத்தார். ஆனால் அவர் அந்த வருசம்தான் பள்ளிவாசலில் ட்ரஸ்டியாகியிருந்தார். அடுத்த வீட்டுப் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி விசாரிக்கும் இடத்தில் உட்கார்ந்தவருக்குத் தன் வீட்டுப் பெண்ணின் நிழலைப் பார்த்தாலும் பயம்.

"தம்பி" என்றாள் றம்லத் மெதுவாக. "நாப்பத்தோராம் நாள் நீங்க வேன் கொண்டுவந்து என்ன லோயர்ட ஒஃபீஸுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. கட ஒப்பந்தத்த ஒங்கட பேருக்கு மாத்திறதுக்கு. அண்டைக்கி நீங்க என்ன சொன்னீங்க? அவசியத்துக்குப் போகலாம், மார்க்கத்துல எடமீக்கிண்டு சொன்னீங்க."

ஸுமைரா போனைப் பார்ப்பதுபோல் தலை குனிந்துகொண்டாள்.

"அது வேற" என்றார் நஸீம்.

"எப்பிடி வேற?"

"அது குடும்பத்துட தேவ. கட மூடிக் கிடந்தா நீங்களும்தான் பட்டினி. இது..." அவர் கையால் ஸுமைராவின் போனைக் காட்டினார். "இது ஒரு புள்ளட ஆச." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு றம்லத் மவ்லவிக்குப் போன் எடுத்தாள். பகல் வெளிச்சத்தில் அவசியமான ஒரு காரியத்துக்குப் போய், பொழுது சாயும் முன் வீட்டுக்கு வந்துவிட்டால் இத்தாவுக்குக் குற்றமா என்று கேட்டாள். மவ்லவி இளைஞர், ஓதிப் படித்தவர். "இல்ல, அதுக்கு எடமீக்கி" என்று உடனே சொன்னார்.

"அப்ப அத நஸீம் தம்பிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லுவீங்களா?"

மறுமுனையில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. "அவர் ட்ரஸ்டி. நான் போய்ச் சொன்னா ஊருக்குள்ள ஒரு ஃபித்னா, கொழப்பம் வரும். நீங்களே பாத்து, அல்லாஹ்வுக்குப் பயந்து நடந்துக்கோங்க" என்று போனை வைத்துவிட்டார்.

றம்லத் போனைக் கட்டிலில் வைத்தாள். அல்லாஹ்வுக்குப் பயப்படச் சொன்னவர் யாருக்குப் பயந்தார் என்பது அவளுக்கு நன்றாக விளங்கியது.

செவ்வாய்க்கிழமை அறுபத்தேழாம் நாள். காலை ஆறரைக்கே நஸீமின் மனைவி ரிஸ்னா ஒரு தட்டில் இடியப்பமும் சம்பலும் கொண்டுவந்தாள். வழமையாகச் சாப்பாட்டை வைத்துவிட்டு ஓடுகிறவள், அன்று முன்கதவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஏன் வந்திருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஏழு மணிக்கு விரிப்பை விலக்கிக்கொண்டு றம்லத் வெளியே வந்தாள். கறுப்பு அபாயா. முகம் இரண்டு மாதத்தில் பழுப்பாகியிருந்தது. வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள். பின்னால் ஸுமைரா, சான்றிதழ்க் கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ரிஸ்னா எழுந்தாள். கதவுக்குக் குறுக்கே நிற்பதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. "அவர் என்னயப் போட்டு ஏசுவார்" என்றாள் மெதுவாக. "நான் என்னண்டு சொல்ற?"

"புடிச்சி நிப்பாட்டினேன், தள்ளிட்டுப் போய்ட்டாண்டு சொல்லுங்க."

ரிஸ்னா கதிரையை ஒரு பக்கமாக இழுத்து வைத்தாள். "மழ வாற மாதிரி ஈக்கி" என்று தன் குடையை ஸுமைராவின் கையில் திணித்தாள்.

பாதையில் இறங்கியபோது பால் வாங்க நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி சலாம் சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள். பிரதான வீதியில் மாத்தளைப் பக்கமிருந்து வந்த பஸ் நின்றது. ஏறினார்கள். அக்குறணைச் சந்தியில் பஸ் ஊர்ந்தபோது றம்லத் ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்தாள். பெயர்ப்பலகை புதிது. உள்ளே கல்லாவில் நஸீம் இருந்தார். வாடிக்கையாளர் ஒருவர் பஸ்ஸைக் காட்டி ஏதோ சொல்ல, நஸீம் தலையைத் தூக்கினார். இருவர் கண்களும் சந்தித்தன. றம்லத் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசல். ஸுமைரா நிமிடத்துக்கு ஒருதரம் நேரம் பார்த்தாள். றம்லத் அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சாஹுல் ஹமீது போன பிறகு அவள் வாய்விட்டு அழுதது இல்லை. அழுகைச் சத்தம் கூடத்துக்குக் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பாலத்தின் நடுவில், மகாவலியைப் பார்த்தபடி, முன்பின் தெரியாத சனங்களுக்கு மத்தியில், கன்னத்தில் வழிய வழிய அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

ஹோட்டல் மண்டபத்தில் இருபத்தாறு பேர் காத்திருந்தார்கள். எடுக்கப்போவது மூன்று பேரை. ஸுமைரா உள்ளே போய் முப்பத்தைந்து நிமிடம் கழித்து வந்தாள். என்ன கேட்டார்கள் என்று கேட்டதற்கு, "எல்லாம் சொன்னேன் உம்மா. ஒண்டு மட்டும் பிழச்சிட்டு" என்றாள். பிறகு றம்லத்தை அழைத்தார்கள். மேசையில் இருந்த பெண் அதிகாரி சிங்களத்தில் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். கண்டியில் பிறந்து வளர்ந்த றம்லத்துக்கு அதில் விளங்காத சொல் எதுவும் இல்லை.

"நீங்கள் சுயவிருப்பத்தோடுதானே கையெழுத்திடுகிறீர்கள்? யாரும் உங்களை வற்புறுத்தவில்லையே?" என்று அதிகாரி வழமையான கேள்வியைக் கேட்டார்.

"வற்புறுத்தினாங்க" என்றாள் றம்லத், அதே சிங்களத்தில். "வர வேணாம்ண்டு."

அதிகாரி பேனையை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பத்திரத்தை அவள் பக்கம் தள்ளினார்.

மூன்று மணிக்கு முன்பே வீடு திரும்பிவிட்டார்கள். பொழுது சாய்ந்து மஃரிபுக்கு முன் நஸீம் இன்னும் இரண்டு பெரியவர்களோடு வந்து கூடத்தில் நின்றார். இத்தா முறிந்துவிட்டது என்றார். இன்றிலிருந்து ஒன்று, இரண்டு என்று மறுபடி எண்ண வேண்டும். அப்போதுதான் ஊர் வாயை மூடலாம் என்றார். கடை ஒப்பந்தத்துக்குப் போன அன்று எது முறிந்தது என்று கேட்க ஸுமைரா வாயைத் திறந்தாள். றம்லத் கண்ணால் வேண்டாம் என்றாள். மவ்லவிக்கும் செய்தி போயிருந்தது. அப்படி மறுபடி எண்ணச் சட்டமில்லை என்று அவருக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை அவர் பிரசங்கம் செய்தது பொறுமையைப் பற்றி.

அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் யாரும் ஏறவில்லை. வெள்ளி தோறும் கறி அனுப்பும் அடுத்த வீடும் நிறுத்திக்கொண்டது. ரிஸ்னா மட்டும் இடியப்பத் தட்டை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். ஸுமைரா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒன்பது வாரம் காத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் உம்மா ஒன்றும் கேட்காமல் அவள் முகத்தைப் பார்ப்பாள். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். கிடைக்காவிட்டால் உம்மா பட்ட அவமானம் எல்லாம் தன் தலையில்தான் என்ற நினைப்பு அவளைத் தின்றது. ஒரு புதன்கிழமை, தேங்காய் துருவிக்கொண்டிருந்த உம்மாவின் முன்னால் வந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். போனை நீட்டினாள். அனுமதிக் கடிதம்.

ஊருக்குச் செய்தி எட்ட ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. துப்பும் என்று நஸீம் பயந்த ஊர், மூன்றாவது நாளே சந்தியில் பெனர் கட்டியது. 'எமது மஹல்லாவின் முதலாவது பெண் வைத்தியர்' என்ற எழுத்துக்குக் கீழே, இன்னும் வகுப்புக்கே போகாத ஸுமைராவின் பெயரும், அதைவிடப் பெரிதாகப் பள்ளிவாசல் நிர்வாக சபையின் பெயரும் இருந்தன. பாராட்டு விழாவுக்குச் சனிக்கிழமை குறித்தார்கள். பெண்களுக்கு மறைப்புக் கட்டித் தனி இடம். றம்லத்துக்கு மட்டும் அழைப்பில்லை. "மதினி இத்தாவுல ஈக்கிறாதானே" என்றார் நஸீம். றம்லத்தின் கணக்குப்படி இத்தா முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நஸீமின் கணக்குப்படி இன்னும் அறுபத்து நான்கு நாள் இருந்தது.

"நான் போகல்ல உம்மா" என்றாள் ஸுமைரா.

"போ" என்றாள் றம்லத்.

அஸர் தொழுகை முடிந்து விழா தொடங்கியது. பள்ளிவாசல் மண்டபம் நாலைந்து வீடு தள்ளித்தான். கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் ஒவ்வொரு சமையலறைக்குள்ளும் பேசின. றம்லத் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாள். தலைவர் பேசினார், பாடசாலை அதிபர் பேசினார். பிறகு நஸீமின் குரல் தழுதழுத்துக்கொண்டு வந்தது.

"எங்கட நானா இண்டைக்கி இல்ல. ஆனா எங்கட மதினி, நானா மவுத்தான நாளிலேந்து வாசப்படி தாண்டாம, ஒழுங்கா இத்தாவப் பேணி, ஊட்டுக்குள்ள இருந்து கேட்ட துஆட பரக்கத்துதான் இது! எங்கட பொம்புளைகளுக்கு இது ஒரு முன்மாதிரி!"

"அல்லாஹு அக்பர்" என்று மண்டபம் முழங்கியது. முழங்கியவர்களில் பாதிப் பேராவது அவளை அன்று பஸ்ஸில் கண்டவர்கள்.

பிறகு ஒலிபெருக்கியில் சின்னதாக ஒரு மூச்சுச் சத்தம். ஸுமைராவிடம் ஒலிவாங்கியைக் கொடுத்திருந்தார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் நன்றி. ஒண்டு மட்டும் திருத்தோணும். எங்கட உம்மா ஊட்டுக்குள்ள இருந்து துஆ மட்டும் கேக்கல்ல. அறுபத்தேழாம் நாள் என்னயக் கூட்டிட்டு பஸ்ஸில—"

டக்கென்று சத்தம் நின்றது. கம்பிகளில் ஒரு இரைச்சல் ஓடி அதுவும் அடங்கியது.

றம்லத் எழுந்தாள். உள்ளே போய் அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். மகள் சொல்லிக்கொண்டிருந்ததின் மீதியைக் கேட்க, வெயில் இன்னும் இறங்காத அந்தப் பாதையின் நடுவில் மண்டபத்தை நோக்கி நடந்தாள்.