சாம்பலுக்குக் கீழே ஒரு வீடு

"ஒரு தேசத்தின் முதல் அடுப்பு எங்கே எரிந்ததோ, அங்கேதான் அதன் ஆன்மா பிறந்தது" என்று பேராசிரியர் சிக்வாட்டூர் முழங்கியபோது, அவருடைய இடது கால் ஆட்டுப் புழுக்கையில் புதைந்திருந்தது. பேட்டி எடுத்தது வானொலி என்பதால் தேசத்துக்கு அது தெரியாமல் போயிற்று.

முழங்கக் காரணம் இருந்தது. ஐஸ்லாந்தின் வடக்கே, தோர்க்னீர் என்பவனின் பண்ணைச் சரிவில் அவருடைய மாணவர்கள் நாங்கள் கோடை முழுக்கத் தோண்டி ஒரு வீட்டின் தரையைக் கண்டுபிடித்திருந்தோம். தரைக்கு மேலே சாம்பல். எந்தச் சாம்பல் என்று இந்தத் தீவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நார்வேக்காரர்கள் படகில் வந்து இறங்கிய காலத்தில் ஓர் எரிமலை வெடித்துத் தூவியது. அதற்கு மேலே வீடு கட்டியவன் பின்னால் வந்தவன். கீழே கட்டியவன் எல்லாருக்கும் மூத்தவன்.

பேராசிரியருக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. இலையுதிர்காலத்தில் ஓய்வு. அதுவரை அவர் பெயரில் இருந்தது செம்மறிப் பற்களின் தேய்மானம் குறித்து இரண்டு பாகங்கள். இரண்டாம் பாகத்தை அவர் மனைவியே பிரித்ததில்லை. இது முதல் வீடு என்றாகிவிட்டால் பாடப்புத்தகத்தில் ஏறுவார். இல்லையென்றால் ஆட்டுப்பல் சிக்வாட்டூராகவே போய்ச்சேர வேண்டியதுதான்.

தோர்க்னீருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. அந்த வீட்டைக் கட்டியவனுக்கு ஒட்டார் கோணக்கால் என்று பெயரே வைத்துவிட்டான்.

"நான் அவரோட நேர் வாரிசு. என் மூக்கைப் பாரு, அப்படியே ஒட்டார் மூக்கு."

"ஒட்டார் மூக்கை நீ எங்கப்பா பார்த்தே?" என்றேன்.

"ரத்தம் சொல்லும்."

இங்கே யாருடைய ரத்தமும் சும்மா இருப்பதில்லை. எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு ஆதி வீரனின் பேரன்தான் வந்து திறப்பான். கொள்ளையடித்துவிட்டு ஓடி வந்தவனின் பேரன் என்று ஒருவனும் சொல்லமாட்டான்.

அமைச்சரை அழைத்து முதல் வீட்டை ஊருக்கு அறிவிக்க விழா ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முந்தின நாள் சாம்பல் நிபுணி ஆஸ்கெர்துர் வந்தாள். பேராசிரியரோடு ஒன்றாகப் படித்தவள். எரிமலைகளைத் தவிர வேறெதையும் மதித்தறியாதவள். குழிக்குள் இறங்கி, மண்சுவரைக் கரண்டியால் சுரண்டி, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சிக்வாட்டூர், இந்தச் சாம்பல்ல எந்த நிறம் அடியில இருக்கணும்?"

"வெளுப்பு. மேலே கருப்பு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"இங்கே கருப்பு அடியில இருக்கு."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "மண்ணு கொஞ்சம் புரண்டிருக்கும்."

"மண்ணு புரளலைப்பா, கூரை கவுந்திருக்கு. முதல் வருஷப் பசங்களுக்கு நீ எடுக்கற பாடம்தானே இது? நீயே வகுப்புக்குப் போகலையா?"

பாடம் எளிமையானது. மரமில்லாத நாடு இது. சதுப்பு நிலத்தைப் புல்லோடு கட்டி கட்டியாக வெட்டி எடுத்துச் சுவரும் கூரையும் எழுப்புவோம். கட்டிக்குள்ளே பழைய சாம்பலும் சேர்ந்தே வரும். கூரை இடிந்து கவிழ்ந்தால், நேற்றுக் கட்டிய வீட்டின் தரைமேலும் ஆதிகாலச் சாம்பல் தலைகீழாகக் கிடக்கும். குழுவில் யாருக்கும் கண் இல்லாமலில்லை. எல்லாம் அவரிடம் சிபாரிசு வாங்க வேண்டிய வாய்கள்.

"அப்போ எப்போ கட்டினதுங்கறே?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"அதைச் சாம்பல் சொல்லாது. அடுப்புக் கல்லைத் தூக்கிப் பாரு. அடியில ஏதாவது இருக்கும். இப்பவே தூக்கேன், நான் பிடிக்கறேன்."

"தேசத்தோட முதல் அடுப்பை நாலு பேர் இல்லாத நேரத்துல தூக்கச் சொல்றியா? நாளைக்கு அமைச்சர் முன்னால தூக்குவேன்."

"தாராளமா தூக்கு. நான் முன்வரிசையில உக்காந்துக்கறேன்."

மறுநாள் மழை பக்கவாட்டில் அடித்தது. இங்கே அதற்கு நல்ல வானிலை என்று பெயர். பண்பாட்டு அமைச்சர் கம்பளிச் சட்டையில் வந்து மூதாதையர்களின் துணிச்சலைப் புகழ்ந்தார். ஊர்ப் பெண்கள் சங்கம் காப்பியும் முறுக்கிப் பொரித்த இனிப்பும் கொடுத்தது. தோர்க்னீர் மூக்கைப் பக்கவாட்டில் காட்டியபடி புகைப்படங்களுக்கு நின்றான். தொலைக்காட்சியும் வந்திருந்தது.

பேராசிரியர் குழிக்குள் மண்டியிட்டார். மண்டியிட வேண்டிய அவசியம் இல்லை. சுற்றிலும் ஆழமாகத் தோண்டிவிட்டதால் கல் இடுப்புயர மண்மேடையில்தான் நின்றது. பிறகு அவரே அதை உணர்ந்து எழுந்தார்.

"ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மனிதக் கை படாத கல் இது" என்றார்.

"தூக்குப்பா, காப்பி ஆறுது" என்றாள் ஆஸ்கெர்துர்.

தூக்கினார். தூக்கியபடியே நின்றார். மறுபடி வைத்துவிடலாமா என்று அவர் யோசித்தது முதுகிலேயே தெரிந்தது. அதற்குள் கேமராக்காரன் குனிந்துவிட்டான். அமைச்சரும் குனிந்தார்.

"என்ன கிடைச்சிருக்கு, பேராசிரியரே?"

தோர்க்னீர் முண்டியடித்து எட்டிப் பார்த்தான்.

"அட, இது எங்கப்பா குளிர்ல ஆட்டுக்குட்டிங்களுக்குத் தீ மூட்டின கொட்டகையில்ல?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மூக்கைக் கையால் மூடிக்கொண்டான்.

கல்லுக்கு அடியில் ஒரு தகர டப்பா இருந்தது. மேலே இருந்த அச்சு அழியவில்லை: பச்சைப் பட்டாணி, அரைக் கிலோ.