காட்டுப்பன்றிகளின் சட்டை

என் கடைச் சுவரில் பதினொரு சட்டைகள் தொங்கின. பதினொன்றும் திருடர்களுடையவை.

வான்கோழிச் சோறு சாப்பிட வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். "முதலாளியம்மா, இந்தப் பயலுங்க மூஞ்சியை நெனச்சுக்கிட்டே எப்படிச் சோறு எறங்கும்?" என்பார்கள். அப்புறம் ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கிண்ணமாக எறக்கிவிட்டுத்தான் போவார்கள்.

ஜியாயி காட்டுப்பன்றிகள் எங்கள் ஊர் பேஸ்பால் அணி. சூதாட்டக்காரர்களிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே வந்த வாரம் மைதான வாசலில் எண்ணெய்ப் பீப்பாயில் தீ மூட்டி, ரசிகர்கள் வரிசையாக நின்று அணிச் சட்டைகளை எறிந்தார்கள். நானும் எறியத்தான் போனேன். எனக்கு முன்னால் நின்றவர் சட்டையை எறிந்த கையோடு, ஐயோ என்று அதைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். சூடு தாங்கவில்லை. நான் குடையின் கொக்கியை விட்டு அதை வெளியே இழுத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் ஓடிவிட்டார். ஒரு கை கருகிய அந்தச் சட்டையையும் என்னுடையதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்குப் பிடித்த பித்து. பிறகு ஆட்டக்காரர்களே போட்டு ஆடிய சட்டைகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன்.

என்னைப் போல இன்னும் பத்துப் பேர் இந்த ஊரில் உண்டு. மாதம் ஒரு தடவை, கடை மூடிய மத்தியானத்தில் என் கடையில்தான் கூடுவோம். எங்களில் பெரிய கை பல் டாக்டர் ஸெங். கோப்பை ஜெயித்த அணிகளின் சாமான் எதையும் அவர் தொட மாட்டார்.

"ஜெயிச்சவன் சட்டையில என்ன இருக்கு? வேர்வைதான் இருக்கும்," என்பார். "நம்ம ஆளுங்க சட்டையைப் பாரு. இது நெஜமா ஓடின வேர்வையா, ஓடற மாதிரி நடிச்ச வேர்வையா? ராத்திரி பூரா பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

எனக்கு அது மட்டுமில்லை. அந்த ஆட்டங்கள் பொய். ஆனால் தொண்டை கிழிய நான் கத்தியது பொய் இல்லை. அந்தக் கத்தலுக்கு இந்த உலகத்தில் வேறு எந்தச் சாட்சியும் கிடையாது.

போன வெயில் காலத்தில் கடையின் ஐஸ் பெட்டி நின்றுபோனது. பழுது பார்க்க ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், நீலச் சட்டை, வலது கையில் நடுவிரல் கொஞ்சம் கோணல். வேலை முடிந்ததும் சாப்பிடச் சொன்னேன். உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு சட்டையின் எண்ணையும் அவர் உதடு படித்தது.

"நாப்பத்தேழு எங்க?"

"அது கிடைக்கலீங்க."

"கிடைக்கலியா, தேடலியா?"

நான் தேடவே இல்லை. நாற்பத்தேழாம் எண் காசு வாங்காதவருடையது. இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி எங்களில் ஒருவர்கூடப் பேசியதில்லை. சந்தையில் அதற்கு விலையே கிடையாது.

அந்தக் கோணல் விரலை மறுபடி பார்த்தேன். "நீங்க... சியூ குவான்லுங்தானே?"

"நான் ஐஸ் பெட்டி ரிப்பேர்க்காரன்." அவர் எழுந்துவிட்டார். "திருடனுங்க சட்டைக்கு விளக்குப் போட்டு வச்சிருக்கீங்க. நல்லது. அந்த நாப்பத்தேழைத் தேட வேணாம். நானே கொளுத்திட்டேன்."

கிண்ணத்தில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அவரை நான் ஆடுகளத்தில் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு ஆட்டம். ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை, கொளுத்தும் வெயில். அன்றைக்குத் தோற்பதாக ஏற்பாடு. பந்து வீசிய பழைய ஆள் ஏற்பாட்டின்படி அடி வாங்கிக்கொண்டிருந்தான். எதுவும் தெரியாத மேலாளர் கோபத்தில் அவனை வெளியே இழுத்துவிட்டு, கடைசிச் சுற்றுக்குப் புதுப் பையன் குவான்லுங்கை அனுப்பினார். அப்போதும் நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம்.

முதல் மட்டைக்காரன் லேசாகத் தட்டினான். நேராகக் கைக்கு வந்த பந்தை எங்கள் ஆள் நழுவவிட்டான். அடுத்தவன் வானத்துக்கு அடித்தான். கீழே நின்றவன் கண்ணைச் சுருக்கி, வெயிலைக் காட்டி, பந்தைத் தரையில் விழவிட்டான். மூன்றாவதும் அப்படியே. மூன்று தளத்திலும் எதிராளிகள். இன்னும் ஒரு பந்து தரையில் விழுந்தால் எல்லாம் முடிந்தது.

குவான்லுங் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். ஒருவனும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். இனி மட்டையில் பந்து பட்டாலே தோல்வி. அடுத்த மூன்று பேரையும் ஆளுக்கு மூன்று முறை ஏமாற்றி, பந்தைத் தொடவே விடாமல் அனுப்பினால்தான் உண்டு.

ஒருவனை அனுப்பினார். இன்னொருவனையும் அனுப்பினார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஏற்பாடு கீற்பாடு எதுவும் தெரியாது. இருந்தும் ஏனோ எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். கடைசிப் பந்து மட்டைக்குக் கீழே வளைந்து உள்ளே போனது. அதைப் பிடிக்க உட்கார்ந்திருந்தவன் ஹுங். ஊழலில் அவன்தான் தலை. பந்தை அவன் நழுவவிட்டிருந்தால் மட்டைக்காரன் அவுட் இல்லை, ஓட்டங்கள் வந்திருக்கும், அணி தோற்றிருக்கும், அவனுக்கும் வேண்டியது கிடைத்திருக்கும். அவன் விடவில்லை. பிடித்தான். நாங்கள் ஜெயித்தோம்.

அந்த வாரமே சூதாட்டக்காரர்களின் ஆட்கள் நாலு பேர் குவான்லுங்கைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது விரல் ஒடிந்திருந்தது. பிறகு விசாரணை, கைது, அணிக்கு மூடுவிழா. அவர் மேல் குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் காட்டுப்பன்றிச் சட்டை போட்ட ஒருவனையும் வேறு எந்த அணியும் வாசலில் விடவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் ஐஸ் பெட்டிக்காரர் யாரென்று சொன்னேன். டாக்டர் ஸெங் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் எல்லோருடைய சேகரிப்பையும் சேர்த்தாலும் விலையில் ஈடாகாத பொருள் அவரிடம்தான் இருந்தது: அந்தக் கடைசிப் பந்தைப் பிடித்த ஹுங்கின் கையுறை.

"இருபது வருஷத்துக்கு மேல ஒரு கேள்வியை வச்சுக்கிட்டு அந்தக் கையுறையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்," என்றார். "பதில் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்லயே ஐஸ் பெட்டி ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. வா, போவோம்."

நானும் அவரும் குவான்லுங் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தது அவர் மனைவி பாவ்சின். குட்டையான, குரல் பெரிய பெண்.

"என்னங்க, வான்கோழிச் சோத்துக் கடைக்காரங்கதானே? எங்க வீட்டுக்காரரு நாப்பத்தேழு எங்கன்னு கேட்டாராமே? வீட்டுல சொல்லிச் சொல்லிப் பொலம்பினாரு. உள்ள வாங்க."

"எதுக்கு வந்தாங்க?" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது.

"உன்னை சுவத்துல மாட்ட வந்திருக்காங்க. வா வெளிய!"

டாக்டர் கையுறையைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். குவான்லுங்கின் முகம் மாறியது. தொடவில்லை. ஆனால் கண்ணையும் எடுக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்," என்றார் டாக்டர். "அவன் ஏன் பிடிச்சான்? விட்டிருக்கலாமே."

"நானும் அதைத்தான் அவன்கிட்ட கேட்டேன்."

"எப்ப?"

"அன்னிக்கே, துணி மாத்துற எடத்துல. சுத்தி எல்லாரும் செத்த வீடு மாதிரி உக்காந்திருக்கானுங்க. ஏன்டா பிடிச்சேன்னு கேட்டேன்." குவான்லுங் கையுறையை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். "'பந்து ரொம்ப நல்லா இருந்துச்சு லுங், விட மனசு வரல'ன்னான்."

டாக்டர் ஸெங் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பாவ்சின் அவருக்கு முன்னால் டீயை நகர்த்தி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு எங்கள் மைதானத்தில் பழைய வீரர்கள் ஆட்டம் இருந்தது. இந்த ஊரில் ஆடிய எல்லா அணிகளின் பெயரும் கொடியில் பறந்தது. காட்டுப்பன்றிகள் மட்டும் இல்லை. கேட்கப் போனபோது அலுவலகத்தில் இருந்தவர், "அக்கா, நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேரை எடுக்காதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அதைக் குவான்லுங்கிடம் சொன்னேன். டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றேன். "வேலை இருக்கு" என்றார்.

"என்ன வேலை?" என்றாள் பாவ்சின். "ஊர் ஐஸ் பெட்டியை எல்லாம் சரி பண்ணிட்ட. வீட்டுக்குள்ள ஒண்ணு இத்தனை வருஷமா உறைஞ்சு கெடக்கு. அதை எப்ப சரி பண்ணப்போற?"

வந்தார், அதே நீலச் சட்டையில்.

நாங்கள் பதினொரு பேரும் சுவரிலிருந்த சட்டைகளை இறக்கிப் போட்டுக்கொண்டு போனோம். எனக்கு வாய்த்தது ஹுங்கின் சட்டை, முட்டி வரை தொங்கியது. டாக்டருக்குத் தொப்பையில் பொத்தான் சேரவில்லை. நாங்கள் படியேறி உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏய், திருட்டுப் பன்னிங்க வந்துட்டாங்கடா!"

டாக்டர் ஸெங், ஊரே பல்லைக் காட்டும் மரியாதைக்குரிய மனிதர், எழுந்து திரும்பினார். "ஆமா! எங்க பன்னிங்கதான்! உனக்கென்ன?"

சிரிப்பலை எழுந்தது. சிலர் ஊளையிட்டார்கள். நாங்கள் அசையவில்லை.

ஆட்டம் தமாஷாகத்தான் போனது. தொப்பைகளும் முட்டிப் பட்டைகளும். நடுவில் உள்ளூர் அணிக்குப் பந்து வீசியவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. அடுத்து வந்தவருக்குப் பந்து பாதி வழிகூடப் போகவில்லை. வேறு ஆள் இல்லாமல் முழித்தார்கள். மட்டையோடு நின்றவர் சாய், அந்தக் காலத்தில் பெரிய அடிக்காரர். அவர் சும்மா எங்கள் பக்கம் அண்ணாந்து பார்த்தவர், நெற்றியில் கை வைத்து உற்றுப் பார்த்தார்.

"டேய் லுங்! நீ இன்னும் சாகலியா?"

குவான்லுங் எழுந்தார். "உன்னை அனுப்பிட்டுப் போகலாம்னு இருக்கேன்!"

"அப்ப எறங்கி வாடா!"

அவர் தயங்கினார். என் தொண்டைக்குள் இருந்து என்னை அறியாமல் அந்த நாள் கோஷம் கிளம்பியது. "லுங்! லுங்! ஒண்ணு போடு!" எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்து வரிசையில் நாற்பது வயது தாண்டிய ஒரு பெண் தன் கணவர் தோளைத் தட்டி ஏதோ சொன்னாள். அவரும் எழுந்தார். அந்த ஆகஸ்ட் ஞாயிறைப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டுமில்லை. மைதானம் முழுக்க, இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் அவர்களும் இருந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்துப் படிகளிலிருந்தும் கோஷம் வந்தது. எங்களைத் திருட்டுப் பன்றி என்றவன் இப்போது யாரைவிடவும் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தான்.

அலுவலகத்துக்காரர் ஓடிவந்து கையை ஆட்டினார். அவரை ஒருவரும் பார்க்கவில்லை. குவான்லுங் ஏற்கனவே புல்லில் நடந்துகொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அறிவிப்பாளர் கிழவர் தொண்டையைச் செருமினார். "பந்து வீச வருகிறார்... ஜியாயி காட்டுப்பன்றிகள்... நாற்பத்தேழு... சியூ குவான்லுங்!"

இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரை இந்த மைதானம் கேட்டதில்லை. நான் அழுதேனா கத்தினேனா என்று தெரியவில்லை.

முதல் பந்து, கோணல் விரலிலிருந்து வளைந்து போனது. சாய் மட்டையை வீசி ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவதும் அப்படியே. இன்னும் ஒன்றுதான். எங்கள் ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

குவான்லுங் திரும்பினார். பின்னால் நின்ற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் கையுறையைத் தட்டி, "அடிக்க விடு லுங்! நான் இருக்கேன்!" என்று கூவினார்.

பந்தை மெதுவாக, நடு நெஞ்சுக்கு நேராகப் போட்டார். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். சாய் அடித்தார். பந்து வெயிலுக்குள் ஏறியது. வழுக்கைத் தலைக்காரர் முட்டிப் பட்டையோடு நொண்டி ஓடினார். தொப்பி பறந்தது. தடுக்கினார், விழுந்தார், புல்லில் உருண்டார். உருண்டு நின்றபோது கையுறையை மேலே தூக்கினார். பந்து உள்ளே இருந்தது.

மைதானம் வெடித்தது. குவான்லுங் அசையாமல் நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"பிடிச்சுட்டான்! பாவ்சின், பார்த்தியா? என் பந்தை ஒருத்தன் பிடிச்சுட்டான்!"

"பார்த்தேன், பார்த்தேன்! அடுத்ததைப் போடு!" என்று அவள் கத்தினாள்.

அடுத்த இருவரையும் அப்படித்தான் அனுப்பினார். ஒருவரையும் ஏமாற்றவில்லை. அடிக்கவிட்டார். பின்னால் நின்றவர்கள் விழுந்தும் புரண்டும் பிடித்தார்கள். அவர் வெளியே வரும்போது பந்து அவர் கையில் இருந்தது. நான் டாக்டர் ஸெங்கைப் பார்த்தேன். அந்தப் பந்துக்கு அவர் வீட்டையே எழுதிவைப்பார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. குவான்லுங் நேராக வழுக்கைத் தலைக்காரரிடம் போய் அவர் கையுறைக்குள் பந்தைப் போட்டு மூடினார்.

அன்று சாயங்காலம் என் கடைக்கு வெளியே தெரு வரைக்கும் நாற்காலி போட வேண்டியிருந்தது. சாய் வந்தார். வழுக்கைத் தலைக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்த அலுவலகத்துக்காரரைப் பாவ்சின் வெங்காயம் உரிக்க உட்கார வைத்தாள். குவான்லுங் மூன்றாவது கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "முதலாளியம்மா, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்று நீட்டினார். அதற்குள் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டி, அந்த ஆகஸ்ட் ஞாயிறைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.