ஆற்றுப் பக்கத்து அறை

நவம்பரில், புனித மார்ட்டின் திருநாளன்று மதியம் எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மகள் பிர்கிட், மருமகன் ஹார்ட்முட், காலம்சென்ற என் கணவர் லாம்பெர்ட்டின் தங்கை ஓட்டிலி. ரொட்டிக் கடைக்காரி அங்கே இல்லை.

சட்டியில் சுட்ட உருளைக்கிழங்கு தீர்ந்து, காபி வந்த பிறகு சொன்னேன்: "அடுத்த வாரம் ஆத்தோரமா மூணு ஊர் போயிட்டு வரேன். ட்ஸெல், பைல்ஷ்டைன், கோக்கெம். மூணு ராத்திரி. தனியா."

ஹார்ட்முட் உடனே கைபேசியில் நேர அட்டவணையைத் தேடினார். "படகு அக்டோபரோட நின்னாச்சு, அத்தை. பஸ்தான். ஞாயித்துக்கிழமை அதுவும் சந்தேகம்."

"திங்கக்கிழமை கிளம்பறேன், மாப்பிள்ளை."

"இப்ப அங்க ஈ காக்கா இருக்காதும்மா" என்றாள் பிர்கிட். "கடையெல்லாம் மூடிக் கிடக்கும்."

"நான் கடைக்குப் போகல. ஆத்தைப் பாத்துப் படுத்துத் தூங்கப் போறேன்."

ஓட்டிலி கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்பத்திரண்டு வருஷமா வாசல்லதானே ஓடுது மோசெல்? அண்ணிக்கு நம்ம தண்ணி பத்தல போல. கீழ போன தண்ணி வேணுமாம்."

சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் குடும்பத்தின் பௌலி விடுதியில் ஆற்றைப் பார்த்த அறைகள் ஏழு. ஏழும் விருந்தினருக்கு. நாங்கள் படுத்தது மலைப் பக்கம், துணி துவைக்கும் அறைக்குப் பின்னால். 'வர்றவங்க காசு குடுத்து வாங்கறது ஆத்தை. அதுல நாம படுத்தா திருட்டு' என்பார் என் மாமனார். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் விருந்தினரைப் படகேற்றிவிட்டு, அது வளைவு திரும்பும் வரை லாம்பெர்ட்டும் நானும் துறையில் நிற்போம். கீழே உள்ள ஊர்களைப் பற்றி ஆயிரம் பேருக்கு வழி சொல்லியிருக்கிறேன். ஒன்றிலும் தங்கியதில்லை.

"நவம்பர்ல போலாம், வால்பூர்கா" என்பார் அவர். "விருந்தாளியா போலாம். ஆத்தைப் பாத்துப் படுப்போம்." நவம்பர் வரும். ஒரு வருடம் நிலவறையில் வெள்ளம். ஒரு வருடம் கொதிகலன் வெடித்தது. ஒரு நவம்பரில் பிர்கிட் பிறந்தாள். அவர் போன பிறகு நான்கு நவம்பர்கள் சும்மாவே போய்விட்டன.

"மேல ஆத்துப் பக்கம் மூணாம் நம்பர் ரூம் காலியாத்தானே கிடக்கு?" என்றாள் ஓட்டிலி. "அதுல படுங்களேன்."

"படுத்துப் பாத்தேன். அஞ்சு மணிக்கு எழுந்து விரிப்பை உருவிட்டு நிக்கறேன், அடுத்த ஆள் வரப்போறாங்கன்னு."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"சரி, உங்க பொறந்த வீட்டுப் பேரைச் சொல்லி ரூம் கேளுங்கம்மா" என்றாள் பிர்கிட். "பௌலின்னா வேவு பாக்க வந்திருக்காங்கம்பாங்க."

"என் பேரு பௌலி. ஒளிஞ்சு போற பழக்கம் இந்த வீட்ல இல்ல."

எல்லோர் முன்னாலும்தான் தொலைபேசினேன். ட்ஸெலில் ஆற்றுப் பக்கம் வெள்ளையடிப்பு. மலைப் பக்கம் தருகிறோம் என்றார்கள். கோக்கெமிலும் அந்தப் பக்கத்தைக் குளிர்காலத்துக்கு அடைத்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் சரி என்றேன். மிஞ்சியது பைல்ஷ்டைன்.

"ஒருத்தர்தானே? பின்பக்கம் ஒரு ரூம் இருக்கு" என்றாள் அந்த விடுதிக்காரி. "சின்னதுதான். அமைதியா இருக்கும்."

அமைதியாக இருக்கும். விலைபோகாத அறைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் நாங்கள் எல்லோரும் சொல்லும் வார்த்தை அது. தனியாக வந்த எத்தனையோ பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

"ஆத்துப் பக்கம் குடுங்க."

"அது ரெண்டு கட்டில் ரூம்மா. உங்க ஒருத்தருக்காக அந்த மாடிக்கே சூடு வைக்கணும்."

"ரெண்டு கட்டிலுக்கு என்ன உண்டோ அதைத் தந்துடறேன். பேரு பௌலி."

பெயரைக் கேட்டதும் நான் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு கட்டிலுக்கு விரிப்பு போட்டா போதுமா, இல்ல ரெண்டுக்குமா?"

பிர்கிட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரிப்பில்லாத மெத்தை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். விருந்தினர் போன அன்று அப்படித்தான் கிடக்கும்.

"ரெண்டுக்கும் போடுங்க" என்றேன்.

ஹார்ட்முட் பேருந்து நேரங்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஓட்டிலி பாத்திரம் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை அவளே ரொட்டிப் பையோடு மூச்சுவாங்க வந்தாள். "அண்ணி, கடையில என்ன பேச்சு தெரியுமா? பௌலியம்மா பைல்ஷ்டைன்ல ஒரு ஆம்பளையோட தங்கப் போறாங்களாம். ரெண்டு கட்டிலுக்கும் விரிப்பு போடச் சொன்னாங்களாம். அந்த விடுதிக்காரியோட அக்கா மககிட்டருந்து ரொட்டிக் கடைக்காரிக்கு வந்த சேதியாம்."

பிர்கிட்டின் முகம் சிவந்தது. "ஒரு கட்டில் போதும்னு மாத்திச் சொல்லிடுங்கம்மா. ஒரு போன்தானே. அப்பா பேரும் இதுல இருக்கு."

"அதனாலதான் மாத்தல" என்றேன்.

பெட்டியில் இரண்டு கம்பளிச் சட்டைகள், மழை அங்கி, ஹார்ட்முட்டின் தாள் ஆகியவற்றை வைத்து மூடினேன். பிறகு ரொட்டிக் கடைக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அங்கே சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். ஊரில் பேசிக்கொள்வது உண்மையல்ல. அறை ஆற்றுப் பக்கம். விரிப்பு இரண்டு கட்டிலுக்கும். போவது நான் ஒருத்தி.