இரண்டாவது கூட்டம்

சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் திணிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. போன் வேறு விடாமல் அடித்தது. தம்பி.

"அக்கா, உனக்கென்ன கிறுக்கா? அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? அப்பாவ எங்க தூக்கிட்டுப் போற?"

"வாத்து பாக்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வாரமெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்ற மனிதருக்கு விடுமுறை வந்தால் வானம் வேண்டும். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் வடக்கிலிருந்து ஊசிவால் வாத்துகள் சதுப்பு ஏரியில் வந்து இறங்குவதைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். தம்பியைக் கூட்டிப்போவார். அவளை ஒரு நாளும் இல்லை. "உன் காலு ஒரு நிமிஷம் சும்மா இருக்குமா? வாத்தெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயிரும்" என்பார். இன்று அந்தக் கால்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில், ஓட்டப் பழகுகிறவர் தடுமாறினால் பக்கத்து இருக்கையிலிருந்து பிரேக்கை மிதிப்பது அதுதான்.

ஏரிக்கரையில், பறவை பார்ப்பவர்கள் மறைந்து உட்காரப் போட்ட பலகைக் கொட்டகை. சுவரில் விட்ட நீள இடுக்கு வழியாகத் தண்ணீர் தெரிந்தது. அப்பாவைப் பெஞ்சில் உட்காரவைத்து, சரியாமலிருக்கத் தோளை முட்டுக்கொடுத்தாள்.

"இன்னைக்கு வரும்," என்றார். "பேசாத."

சாவியை உருட்டினாள். மாத்திரை டப்பாவைத் திறந்து மூடினாள். இந்தச் சனியன் பிடித்த வாத்துகள் வராவிட்டால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது?

வந்தன. கூட்டம் தாழ்ந்து தண்ணீரைத் தொடப்போகும் நேரம் பார்த்து அப்பாவுக்கு இருமல் வந்தது, முன்னால் சாய்ந்தார். அவள் கால் பழக்கத்தில் பிரேக்கை மிதித்தது. அங்கே ஏது பிரேக்? பலகைத் தரை டொம்மென்று அதிர, மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விட்டது.

"ஐயோ, அப்பா..."

திட்டப்போகிறார் என்று பார்த்தாள். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "நல்லா நிறுத்துன வண்டிய, போ! இன்னொரு கூட்டம் வரும். கால மடக்கி உக்காரு."

காலை மடக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். அதை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது. அழுகை அழுகையாக வந்தது. அப்பா அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வெயில் ஏறியது. கால் மரத்துப்போனது.

"அப்பா, தண்ணி வேணுமா?"

பேசாதே என்றவர் தானும் பேசாமல் இருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் தோளில் பட்டுக்கொண்டிருந்த மூச்சின் சூடு நின்றுபோனது உறைத்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கத்துவதற்கு வாய் திறந்தாள்.

அப்போது தலைக்கு மேல் இறக்கைச் சத்தம் கேட்டது. கொட்டகைக்கு நேர் எதிரே திமுதிமுவென்று வந்து இறங்கின.

மடியில் போன் அதிர்ந்தது. மறுபடியும் தம்பி. அதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அப்பாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. ஒரு வாத்து இடுக்கின் அருகிலேயே நீந்தி வந்து, தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே நீட்டியது.

அப்பாவின் தலை சரியத் தொடங்கியது. பலகை கிறீச்சிடாதபடி, மெல்ல, தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொடுத்தாள்.