நாலு கைக் கச்சேரி

யமுனாவின் வலது கை காய் நறுக்கும், பூட்டைத் திறக்கும், ஆட்டோவை நிறுத்தும். பியானோவில் வைத்தால் மட்டும் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். வலி கிடையாது. இது நரம்புக் கோளாறு, வருடக்கணக்காகச் சாதகம் செய்கிறவர்களுக்கு எப்போதாவது வரும், சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள் பெர்லின் டாக்டர்கள்.

பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்தவள் அவள். பள்ளிக்கூடத்துப் பியானோவில் கற்றுக்கொண்டு, உதவித்தொகையில் ஜெர்மனி போய், அங்கேயே கச்சேரி வாசித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கச்சேரியில் வேகமான ஓர் இடத்தை மூன்று விரலால் சமாளித்தாள். பாதி ஸ்வரங்கள் விழவே இல்லை. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. யாரிடமும் காரணம் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாள். ஊரில் கேட்டவர்களிடம், "குளிர் ஒத்துக்கலை" என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில், இரண்டாம் மாடியில் வீடு கிடைத்தது. பியானோவைக் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினார்கள். தெருவே நின்று பார்த்தது. அடுத்த வாரமே கற்றுக்கொள்ள ஆள் வர ஆரம்பித்தது.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி ஜெஸிமா. பாலக்கரையில் பேக்கரி வைத்திருந்தாள். யமுனாவைவிடப் பத்து வயது பெரியவள். பிள்ளைகள் துபாய்க்குப் போய்விட்டார்கள். "சின்னதுல இருந்து ஆசைங்க டீச்சர். இப்பத்தான் கை காலியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தவள், நாலாவது வருடத்தில் சுமாராக அல்ல, நன்றாகவே வாசித்தாள். மாவு பிசைந்த கை. ஒவ்வொரு ஸ்வரமும் அழுத்தமாக விழும்.

ஒரு சாயங்காலம் ஜெஸிமா பாடத்தில் இருக்கும்போது அருள்ராஜ் வந்தார். சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவர். கன்டோன்மென்டில் கல்லூரி அரங்கம் ஒன்றில் இசை விழா ஏற்பாடு செய்திருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை போனில் கேட்டாயிற்று.

"மேடம், ஒரு மணி நேரம் வாசிச்சா போதும். உங்க ஊர்க்காரங்க யாருமே உங்களைக் கேட்டதில்லை."

"இப்ப முடியாதுங்க சார். கொஞ்சம் வேலை இருக்கு."

அவர் காபி குடித்துவிட்டு முகம் வாடிப் போனார். ஜெஸிமா புத்தகத்தை மூடினாள்.

"டீச்சர், ஒண்ணு கேட்கலாமா? இடது கை பாடத்தை வாசிச்சுக் காட்டுறீங்க. வலது கைக்கு மட்டும் ஏன் வாயால பாடிக் காட்டுறீங்க?"

யமுனா ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையைக் கட்டைகள்மேல் வைத்து வாசித்தாள். இரண்டு விரல்கள் மடங்கின. மறுபடி வாசித்தாள். மறுபடி மடங்கின. பெர்லின் டாக்டர்களுக்குப் பிறகு அதைப் பார்த்த முதல் ஆள் ஜெஸிமாதான்.

"அல்லாஹ்வே" என்றாள் ஜெஸிமா மெதுவாக. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். "வலிக்குதா?"

"இல்லக்கா. வலிச்சாலாவது பரவாயில்லைன்னு இருக்கும்."

ஜெஸிமா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு, "ரெண்டு பேர் ஒரே பியானோவுல உட்கார்ந்து வாசிக்கிறது இருக்குன்னு சொன்னீங்களே. வலது பக்கத்து மேல் பாதியை நான் வாசிக்கிறேன். கீழ நீங்க" என்றாள்.

யமுனாவுக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் எத்தனையோ மேடையில் வாசித்தவள் பக்கத்தில் பேக்கரிக்காரம்மா! சிரித்து முடிப்பதற்குள் வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில் அருள்ராஜுக்குப் போன் செய்தாள். கையைப் பற்றி மறைக்காமல் சொன்னாள். அவர், "நீங்க எப்படி வாசிச்சாலும் சரிங்க மேடம்" என்றார்.

கீழ்ப் பகுதியைத் தன் இடது கைக்கும் வலது கையின் மூன்று விரல்களுக்கும் ஏற்றபடி மாற்றி எழுதிக்கொண்டாள். மழைக்காலம் முழுக்கச் சாதகம் நடந்தது. ஜெஸிமா தாளத்தில் முந்துவாள். யமுனா முழங்கையால் இடிப்பாள். இருவருக்கும் சண்டைகூட வந்தது. ஒரு வாரம் ஜெஸிமா வரவில்லை. பிறகு ஒரு பெட்டி தேங்காய் பன்னோடு வந்து நின்றாள்.

விழாவன்று அரங்கம் நிறைந்திருந்தது. முதல் பகுதி நன்றாகப் போனது. இரண்டாவதில் ஜெஸிமா பதற்றத்தில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். மேல் பாதி சட்டென்று நின்றது. தனியாக வாசித்த நாட்களில் யமுனா எதற்கும் நின்றதில்லை. தவறினாலும் தாண்டி ஓடிவிடுவாள். இப்போது கடைசி இரண்டு வரியையே திருப்பித் திருப்பி, மெல்ல வாசித்தாள்.

"முந்தின பக்கம், அக்கா. அவசரமில்ல. நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றாள் உதடு அசையாமல்.

ஜெஸிமா தாளைத் திருப்பினாள்; மூச்சு வாங்கினாள்; இடம் பிடித்துச் சேர்ந்துகொண்டாள். அந்தக் கொஞ்ச நேரமும் யமுனா தன் விரலைப் பற்றி நினைக்கவே இல்லை. பக்கத்தில் வருகிற சத்தத்துக்காகத்தான் காத்திருந்தாள்.

கைதட்டல் வந்தபோது இருவரும் எழுந்து கும்பிட்டார்கள். யமுனாவால் இந்தத் தடவை தலை நிமிர்ந்து பார்க்க முடிந்தது.

வெளியே ஆட்டோவுக்கு நிற்கும்போது, "அடுத்த வருஷம் தஞ்சாவூர்ல கேட்கிறாங்க அக்கா" என்றாள் யமுனா.

"என்னை விட்டுடுங்க டீச்சர். கேக் கருகினா வேற கேக் போட்டுக்கலாம். அங்க மேடையில எனக்கு உயிரே போயிடுச்சு. நான் வீட்டுல உங்ககூட வாசிக்கிறேன், அது போதும். நீங்க வேற நல்ல ஆளாப் பிடிங்க."

எவ்வளவு கெஞ்சியும் அவள் மசியவில்லை. அந்த வாரமே யமுனா பெர்லினில் கூடப் படித்த ஹன்னாவை அழைத்தாள். நாலு வருடமாக ஹன்னா அனுப்பிய மெசேஜ் எதற்கும் பதில் போட்டதில்லை. கையைப் பற்றிச் சொன்னாள். மறுமுனையில் ஹன்னா அழுதாள், கோபப்பட்டாள், கடைசியில், "சரி, உனக்கு மேல் பாதியா, கீழ் பாதியா?" என்று கேட்டாள்.

"கீழ்" என்றாள் யமுனா. "எப்ப வரே?"