பின்னால் மிதித்தால் முன்னால் போகும் வண்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு எல்லாமே படுத்துக்கிட்டே நடக்கணும். படுத்துக்கிட்டே சினிமா பார்க்கிறான், படுத்துக்கிட்டே பிரியாணி வரவழைக்கிறான், மெட்ராஸ் பஸ்ஸில்கூடப் படுக்கை போட்டுத்தான் போகிறான். உட்கார்ந்து ஒரு வேலையை முடிக்கிறவனைத் தேடித்தான் பிடிக்கணும். சங்கிலி இப்படிப் புலம்புவது இன்று நேற்றல்ல. ஆனால் செல்லூரில் தன்னுடைய வெல்டிங் பட்டறை வாசலிலேயே ஒரு ஆள் வந்து நின்று, "படுத்துக்கிட்டு ஓட்டுற மாதிரி ஒரு சைக்கிள் வேணும்ண்ணே" என்று கேட்பார் என்று அவரே நினைக்கவில்லை.

கேட்டது ஹரிராம். அடுத்த தெருவில் நாலு பவர்லூம் போட்டுத் துண்டு நெய்கிற சௌராஷ்டிரக்காரர். வயது ஐம்பத்தஞ்சு. அவர் தறியில் எது உடைந்தாலும் முப்பது வருஷமாகச் சங்கிலிதான் பற்றவைப்பார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பாவு நூல் சுற்றிய பீம் உருளையைத் தனியாகத் தூக்கப் போய் ஹரிராமுக்கு இடுப்பு எலும்பு நகர்ந்துவிட்டது. மூணு மாதம் படுக்கை. சைக்கிள் சீட்டில் நிமிர்ந்து உட்காரவே கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கே போவதானாலும் ஆட்டோ. கூடவே மனைவி ரங்கநாயகி, ஒரு கையில் தலையணை.

"ரெண்டு வருசமா என்னைய ஏத்துறாங்க, இறக்குறாங்கண்ணே. தறிக்கு வந்த நூல் மூட்டைக்கும் எனக்கும் வித்தியாசம் இல்ல. நானா ஒரு எடத்துக்குப் போயி எம்புட்டு நாளாச்சு."

"டாக்டர் மிதிக்கக் கூடாதுன்னாருல்ல?"

"நிமிந்து உக்காந்து மிதிக்கக் கூடாதுன்னாரு. சாஞ்சு மிதிக்கக் கூடாதுன்னு சொல்லலியே."

"கெணத்துல குதிக்கக் கூடாதுன்னும்தான் அவரு சொல்லல."

ஹரிராம் உருட்டிக்கொண்டு வந்ததை முன்னால் நிறுத்தினார். ஒரு மடக்கு சைக்கிள். சின்னச் சக்கரம், நடுவில் கீல். மருமகன் ராகேஷ் வாங்கி, ரெண்டு தடவை ஓட்டி, பரணில் தூக்கிப் போட்டது. அப்புறம் போனில் ஒரு படம் காட்டினார். எந்த நாட்டுக்காரனோ, கடற்கரையில் சாய்வு நாற்காலியில் கிடக்கிற மாதிரி கிடந்துகொண்டு, காலை முன்னால் நீட்டி மிதித்துப் போய்க்கொண்டிருந்தான்.

"பாடையில போறவன்கூட இம்புட்டு சொகமா போகமாட்டான்" என்றார் சங்கிலி.

போன் படத்தையெல்லாம் அவர் நம்புவதில்லை. சைக்கிள் இரும்பு என்று ஹரிராம் சொன்னதையும் நம்பவில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார். ஒட்டியது. அதற்குப் பிறகுதான் முறைத்துக்கொண்டே வேலையை எடுத்துக்கொண்டார்.

சீட்டுக் கம்பியைப் பிடுங்கி எறிந்தார். முன்பக்கம் ஒரு பைப்பை நீட்டிப் பற்றவைத்து, அதன் நுனியில் பெடலைக் கொண்டுபோய்ப் பொருத்தினார். வயர் பின்னிய ஒரு நாற்காலியின் காலை அறுத்து, பின் சக்கரத்துக்கு முன்னால் சாய்த்து உட்காரவைத்தார். மடங்குகிற எதையும் அவர் நம்பமாட்டார் என்பதால் கீலில் துளை போட்டு ஒரு தறி போல்ட்டையும் முறுக்கினார். எல்லாம் சரிதான். செயின்தான் தகராறு. பெடல் எங்கேயோ முன்னால், சக்கரம் எங்கேயோ பின்னால். மூணு சைக்கிள் செயினை ஒன்றாகக் கோத்து மாட்டினால், அது கொடியில் போட்ட ஈரச் சேலை மாதிரித் தொங்கியது. நாலு சுற்று சுற்றினால் கழன்று விழுந்தது.

ரெண்டு நாள் பார்த்தார். மூணாம் நாள் அவருக்குப் பழைய தறி ஷெட்டு யோசனை வந்தது. அந்தக் காலத்து ஷெட்டில் பெல்ட் நழுவினால் எட்டுப் போட்ட மாதிரிக் குறுக்கே மாட்டிவிடுவார்கள். அப்புறம் நழுவாது. செயினையும் அப்படியே குறுக்கே மாட்டினார். உரசாமலிருக்க, குறுக்கிடுகிற இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டார். செயின் கழலவே இல்லை. அன்றைக்கு மட்டும் சங்கிலி ரெண்டு டீ குடித்தார்.

மறுநாள் காலையில் எதிர்த்த டீக்கடை முன்னால் வெள்ளோட்டம். ஹரிராம் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் மாப்பிள்ளைக்களை. காலை நீட்டி மிதித்தார். டிர்ர்ர் என்று சத்தம் வந்தது. வண்டி நகரவில்லை. இன்னும் வேகமாக மிதித்தார். சத்தம் இன்னும் வேகமாக வந்தது.

டீக்கடைக்காரன் முத்திருளன் டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்தான். "மாமா, வண்டி செய்யிறேன்னு சொன்ன. காத்தாடியில்ல செஞ்சிருக்க."

சங்கிலி குனிந்து செயினைப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துபோயிற்று. பெல்ட்டைக் குறுக்கே போட்டால் எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றும். முன்னால் மிதித்தால் பின்னால் மிதித்த கணக்கு. ஷெட்டில் அதற்கு வழி உண்டு. மோட்டாரில் ரெண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் நேராகிவிடும். அந்த ஞாபகத்திலேயே மாட்டிவிட்டார். மனுஷன் காலுக்கு எந்த வயரை மாற்றுவது?

"எறங்கு. செயினை அறுக்கணும்" என்றார் கடுப்பாக.

ஹரிராம் இறங்கவில்லை. அவர் பாட்டுக்கு ஏதோ யோசனையில் காலைப் பின்பக்கமாகச் சுற்றினார். வண்டி முன்னால் போயிற்று.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. இஸ்திரிக் கடை தாண்டி, அரிசி மாவு மில் தாண்டி, தெருமுனை வரைக்கும் போய், அகலமாக வளைந்து திரும்பி வந்தது. ஹரிராம் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணி கொட்டியது.

"அண்ணே, ரெண்டு வருசமா அந்தத் தெரபிக்காரப் பொண்ணு என்னைய மல்லாக்கப் படுக்கவச்சுப் பின்னாடிதான் மிதிக்கச் சொல்லுது. தெனம் இருநூறு சுத்து. முன்னாடி மிதிச்சா வலிக்கும். பின்னாடி மிதிச்சா வலிக்கவே வலிக்காது. ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"தெரியாது. தப்பாப் போட்டேன்" என்றார் சங்கிலி. "அறுத்து நேரா மாட்டித் தாரேன், எறங்கு."

"தொட்டீன்னா பாரு" என்றார் ஹரிராம்.

முத்திருளன் ஏறிப் பார்த்தான். அவன் கால் பழகினபடி முன்னாலேயே மிதித்தது. பின்னால் மிதிடா என்று பத்துப் பேர் சொல்லியும் மூணு சுற்றுக்கு மேல் கால் கேட்கவில்லை. "மாமா, ஊர்ல ஒருத்தருக்கு மட்டும் ஓடுற வண்டி செஞ்சிருக்க. பூட்டே வேணாம்" என்று இறங்கினான்.

சத்தம் கேட்டு ரங்கநாயகி வந்துவிட்டார். புருஷன் கிடந்த கோலத்தைப் பார்த்தார். அவர்கள் பாஷையில் என்னமோ நாலு வார்த்தை சொன்னார். ஹரிராம் ரெண்டு வார்த்தை சொன்னார். புரியாத பாஷையில் யார் பேசினாலும் சங்கிலிக்குத் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று தோன்றும். அந்த அம்மா சட்டென்று தமிழுக்கு வந்தார்.

"நாகமலை புதுக்கோட்டையில இவங்க அக்கா வீடு இருக்குண்ணே. ஞாயித்துக்கிழமை காலைல இதுல போயிட்டு வரட்டும். விழாம வந்தா, இனிமே எங்க போறீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். ஒரு தடவ விழுந்தாலும் அன்னைக்கே பழைய இரும்புக்குப் போடணும். அப்புறம் சாகுற வரைக்கும் ஆட்டோதான். ஆஸ்பத்திரி வராண்டாவுல இன்னொரு மூணு மாசம் என்னால உக்கார முடியாது."

கடைசி வாக்கியத்தில் அந்த அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஹரிராம் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார்.

"நீங்க சரிம்பீங்க. விழுந்துட்டு, துணியத் தட்டிக்கிட்டு வந்து விழலேம்பீங்க. சங்கிலி அண்ணன் பின்னாடியே போகட்டும்."

"நான் எதுக்கு?" என்றார் சங்கிலி.

"நீங்கதான் எதையுமே நம்பமாட்டீங்க. அதனால நீங்க சொன்னா நம்புவேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். ஹரிராம் முன்னால் சாய்ந்தபடி, சங்கிலி பின்னால் தன் பழைய மொபெட்டில். பஸ் டிரைவர் எவனையும் அவர் நம்பாததால் வண்டியின் பின்னால் ஆளுயரக் கம்பி ஒன்றை நட்டு, ஹரிராம் தறியிலேயே நெய்த சிவப்புத் துண்டைக் கட்டியிருந்தார்.

தத்தனேரி பக்கம் ஒரு நாய் துரத்தியது. துரத்திப் பக்கத்தில் வந்ததும் அதற்கும் ஹரிராமுக்கும் முகம் ஒரே உயரத்தில் இருந்தது. மனுஷ முகத்தை இத்தனை கிட்டத்தில் எதிர்பார்க்காத நாய் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் சும்மா கூடவே ஓடியது. "என்னப்பா, காலைலயே கெளம்பிட்டயா" என்று அதனிடம் கேட்டார் ஹரிராம். ஆரப்பாளையத்தில் பஸ்ஸிலிருந்தவர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள்.

காளவாசல் சிக்னலில்தான் முதல் கண்டம். சிவப்பு விழுந்தது. ஹரிராம் பிரேக்கைப் பிடித்து நிறுத்திவிட்டார். நிறுத்தினால் காலை ஊன்ற வேண்டும் என்பது மறந்துபோயிற்று. ரெண்டு காலும் வானத்தைப் பார்த்து நிற்க, வண்டி மெதுவாக வலப்பக்கம் சாய ஆரம்பித்தது. சங்கிலி மொபெட்டுக்கு ஸ்டாண்டு போடப் போனார். பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு ஹரிராமின் தோளைப் பிடித்தது. மடியில் முட்டைக்கோஸ் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா.

"எந்த ஊரு?" என்று கேட்டார் அந்த அம்மா, பிடித்த பிடியை விடாமல்.

"செல்லூர்."

"உடம்புக்கு முடியலையா?"

"முடியுதும்மா. அதான் வந்தேன்."

பச்சை விழும் வரைக்கும் அந்தக் கை பிடியை விடவில்லை. விழுந்ததும் ஒரு தள்ளும் தள்ளிவிட்டது.

அச்சம்பத்து தாண்டியதும் ரோடு லேசாக இறங்கும். எதிர்க்காற்று அடித்தது. சங்கிலிக்குச் சட்டை பலூன் மாதிரி உப்பி, மொபெட் இழுக்கத் திணறியது. படுத்துக் கிடக்கிற ஆளைக் காற்று என்ன செய்யும்? ஹரிராம் கால்களைப் பின்னால் சுற்றச் சுற்ற, சிவப்புத் துண்டு தூரம் தூரமாகப் போனது. சங்கிலி மொபெட்டின் காதை முழுசாகத் திருகினார். பக்கவாட்டில் நாகமலை நீளமாகக் கூடவே வந்தது. முன்னால் போகிற ஆள் சத்தமாகப் பாடுவது கேட்டது. எந்தப் பாஷை என்று தெரியவில்லை. அறுபத்தெட்டு வயதில் ஒரு நாற்காலியைத் துரத்திக்கொண்டு போகிறோமே என்று சங்கிலிக்கு ஒரு பக்கம் கேவலமாகவும், இன்னொரு பக்கம் சிரிப்பாகவும் இருந்தது. வாயைக் கோணிக்கொண்டு அடக்கினார்.

அந்த வேகத்தோடேயே ஹரிராம் அக்கா வீட்டுச் சந்துக்குள் திரும்பினார். சந்தில் யாரோ வீடு கட்டுவதற்கு மணல் கொட்டியிருந்தார்கள். வண்டியின் மூக்கு மணலுக்குள் புகுந்து நின்றது. ஹரிராம் சீட்டிலிருந்து வழுக்கி, அதே சாய்வில், மணல்மேல் போய்க் கிடந்தார். கால் மட்டும் இன்னும் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

சங்கிலி வந்து மொபெட்டை நிறுத்தினார். "இடுப்பு?"

"ஒண்ணும் இல்லண்ணே. மெத்தை மாதிரி இருக்கு." கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே, சின்னக் குரலில், "அண்ணே, இது விழுந்ததுல சேருமா?" என்றார்.

சங்கிலி மணலைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். முழம் போட்டு ரெண்டையும் அளந்தார்.

அக்கா வீட்டில் இட்லி சாப்பிட்டார்கள். ஹரிராமுக்கு இறங்கவில்லை. திரும்பி வருகிற வழியில் பாட்டும் இல்லை, நாயிடம் பேச்சும் இல்லை. சிக்னலில் ஒழுங்காகக் காலை ஊன்றினார். நல்லபடியாகத்தான் செல்லூர் வந்து சேர்ந்தார்கள். ஆனால் ஹரிராம் சந்தைக்கு ஓட்டிப் போகிற ஆடு மாதிரி வந்தார்.

டீக்கடை வாசலில் ரங்கநாயகி நின்றிருந்தார். கூட்டமும் கூடிவிட்டது. அந்த அம்மா புருஷனைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, விழுந்தாரா?"

சங்கிலிக்குப் பொய் சொல்கிற பழக்கம் இல்லை. நல்ல குணத்தால் அல்ல. சொன்ன பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்கிற தொல்லைக்குப் பயந்து.

"ஒரு தடவ சாஞ்சாரு. ஒரு தடவ மணல்ல போயிக் கெடந்தாரு."

ஹரிராம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப விழுந்துட்டாரு."

"அதைத்தான் நானும் வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வாரேன், தங்கச்சி. விழுறதுன்னா மேல இருந்து கீழ போகணும். இதுல சீட்டு ஒண்ணேகால் முழம் உசரம். மணலும் ஒண்ணேகால் முழம். அளந்து பாத்துட்டேன். இவரு மேலயும் போகல, கீழயும் போகல. அதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியல. நான் மூணாங் கிளாஸு."

ரங்கநாயகி போய், புருஷனின் இடுப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். முகம் சுளிக்கிறதா என்று பார்த்தார். இன்னொரு இடத்தில் அழுத்தினார். ஹரிராம் கூச்சத்தில் நெளிந்தார். வலியில் இல்லை. அந்த அம்மாவுக்குப் பொட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு வருஷமாக அடைத்துக் கிடந்த சிரிப்பு போல, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எறங்குங்க" என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஏறிச் சாய்ந்தார். மிதித்தார். டிர்ர்ர்.

"பின்னாடிக்கா, பின்னாடி" என்றான் முத்திருளன்.

முத்திருளனுக்கு வராதது அந்த அம்மாவுக்கு வந்தது. தினம் இருநூறு சுற்று புருஷன் காலைப் பிடித்துப் பின்னால் சுற்றிவிட்டவர் ஆயிற்றே. வண்டி தள்ளாடிக்கொண்டே கிளம்பி, சிவப்புத் துண்டு படபடக்க, தெருவில் போயிற்று. எப்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடக்கிற ஹரிராம், கையை வீசிக்கொண்டு அதன் பின்னால் நடந்தார்.

"இப்ப என்ன சொல்ற மாமா?" என்று கேட்டான் முத்திருளன்.

"பிரேக் எங்க இருக்குன்னு யாராச்சும் தங்கச்சிக்குச் சொன்னீங்களாடா?"

சொல்லிவிட்டு மொபெட்டை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு நடந்தார் சங்கிலி. பின்னால் மாவு மில் பக்கமிருந்து என்னமோ தகரம் உருளுகிற சத்தமும், அதன்மேல் பெரிய சிரிப்பும் கேட்டது. "அண்ணே, இவளுக்கும் ஒண்ணு செஞ்சு குடுண்ணே" என்று ஹரிராம் கத்தினார். சங்கிலி திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார், வேண்டாம் என்று.

மடங்குகிற கம்பியில், அறுத்த நாற்காலியில், தப்பாக மாட்டின செயினில் ஒன்று ஓடுகிறது என்பதற்காக அதை வண்டி என்று ஒத்துக்கொள்கிற ஆள் அவரில்லை. தலையை ஆட்டிக்கொண்டே பட்டறைப் பக்கம் நடந்துபோனார்.